பர்ஸ்பெக்டிவ்ல பாக்ஸ் வரைஞ்சு பழகுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

டிராயிங் கத்துக்கணும்னு யார்கிட்ட போய் கேட்டாலும் "மொதல்ல பாக்ஸ் போட்டுப் பழகு"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. எப்படிப் போடணும், போட்டது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கணும்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. புதுசா ஆரம்பிக்கிறவங்க மாத்தி மாத்திக் கேக்குற கேள்விகளைத்தான் இங்க சேத்து வச்சிருக்கேன். வரிசையாப் படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு எது இடிக்குதோ அதுக்கு நேராப் போயிடுங்க.

ஏன் பாக்ஸ்? முகம், பூ, யானைன்னு எவ்வளவோ இருக்கே?

யானை வரையும்போது காது கொஞ்சம் பெருசாப் போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க, பெரிய காது யானைன்னு நினைச்சுப்பாங்க. பாக்ஸ்ல ஒரு கோடு லேசா சாஞ்சாலே போதும், வரையவே தெரியாதவங்க கூட "என்னவோ கோணலா இருக்கே"ன்னு சொல்லிடுவாங்க. தப்பு பளிச்சுன்னு தெரியுற பொருள்ல பழகுறதுதான் லாபம்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு டவுன் பஸ்ஸை எடுத்துக்கோங்க, அது நீளமான ஒரு பாக்ஸ். ஜன்னல் வரிசை, படிக்கட்டு, மேல இருக்குற ரூட் போர்டு எல்லாமே அந்த பாக்ஸோட விளிம்பு எந்தப் பக்கம் போகுதோ அதே பக்கம்தான் போகும். சக்கரம் பக்கவாட்டுச் செவுத்துல இருக்குற வட்டம். பாக்ஸ் சரியா உக்காந்துடுச்சுன்னா மிச்சம் எல்லாம் அதுமேல ஒட்டுற வேலை, பாக்ஸ் தப்பாப் போச்சுன்னா எவ்வளவு அழகா டீட்டெயில் போட்டாலும் பஸ் ரோட்டுல நிக்காது, மிதக்கும்.

பர்ஸ்பெக்டிவ்னா சுருக்கமா என்ன?

நிஜத்துல ஒண்ணுக்கொண்ணு பேரலலா இருக்குற கோடுகள், நம்மள விட்டுத் தள்ளிப் போகப் போக ஒண்ணை ஒண்ணு நெருங்குற மாதிரித் தெரியும், கடைசியில ஒரே புள்ளியில சேர்ற மாதிரி இருக்கும். அந்தப் புள்ளிதான் வேனிஷிங் பாயிண்ட். தரைக்குப் பேரலலா இருக்குற கோடுகளோட புள்ளி எல்லாம் ஹொரைசன் லைன் மேலதான் விழும், அந்த லைன் எப்பவுமே உங்க கண்ணு உசரத்துலதான் இருக்கும். நீங்க உக்காந்தா அதுவும் இறங்கும், மொட்டை மாடி ஏறினா அதுவும் ஏறும்.

இதைப் படிச்சுப் புரிஞ்சுக்குறதை விட ஜன்னல் கண்ணாடியில பாத்துடுறது நல்லது. ஒயிட்போர்டு மார்க்கர் ஒண்ணு எடுத்துக்கோங்க, ஒரு கண்ணை மூடிக்கோங்க, தலையை ஆட்டாம எதிர் வீட்டு விளிம்புகளை அப்படியே கண்ணாடி மேல டிரேஸ் பண்ணுங்க. மாடிக் கைப்பிடிச் செவுரு கீழ இறங்கி வரும், கீழ இருக்குற வாசப்படி மேல ஏறி வரும், ரெண்டும் ஒரே பக்கமா நெருங்கும். நடுவுல மூடின கண்ணைத் திறந்து இன்னொரு கண்ணை மூடினா வரைஞ்ச கோடு வீட்டை விட்டு நகந்து நிக்கும். பர்ஸ்பெக்டிவ்ங்குறது ஒரே கண்ணு, ஒரே இடம்ங்குற கணக்குதான்னு அப்பத் தெரியும். 1435ல லியோன் பட்டிஸ்டா ஆல்பர்ட்டின்னு ஒரு இத்தாலிக்காரர் இதை முறையா எழுதி வச்சப்ப, அவரும் படத்தை ஒரு திறந்த ஜன்னல்னுதான் சொன்னார்.

ஒன் பாயிண்ட், டூ பாயிண்ட், த்ரீ பாயிண்ட்: எதுல ஆரம்பிக்கிறது?

மூணும் மூணு தனித்தனி சப்ஜெக்ட் மாதிரி சொல்லிக் குடுக்குறாங்க, அப்படி இல்லவே இல்ல. ஒரு பாக்ஸுக்கு மொத்தம் 12 விளிம்பு, அதை மூணு செட்டாப் பிரிக்கலாம், செட்டுக்கு நாலு கோடு. ஒரு செட் உங்க பேப்பருக்குப் பேரலலா இருந்தா அது எங்கயும் போய்ச் சேராது, சேராததால அதுக்குப் புள்ளி கிடையாது. பாக்ஸ் உங்களுக்கு நேரா முகம் காட்டி நின்னா ரெண்டு செட் பேரலல், மிச்சம் ஒண்ணுக்கு மட்டும் புள்ளி, அது ஒன் பாயிண்ட். நேரா நிக்குற பாக்ஸையே கொஞ்சம் திருப்பி வச்சா டூ பாயிண்ட். மேல கீழ சாய்ச்சும் புடிச்சா மூணு செட்டுமே நெருங்க ஆரம்பிக்கும், அது த்ரீ பாயிண்ட்.

ஒரு தீப்பெட்டியைக் கையில வச்சுத் திருப்பிப் பாருங்க, ஒரே நிமிஷத்துல மூணையும் பாத்துடலாம். ஒன் பாயிண்ட்ல கொஞ்சம், டூ பாயிண்ட்ல கொஞ்சம் போட்டுப் பாத்துட்டு சீக்கிரமே த்ரீ பாயிண்ட்டுக்கு வந்துடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். நிஜத்துல பொருள் எல்லாம் நமக்கு வசதியா நேரா நிக்காது.

ரெண்டு வேனிஷிங் பாயிண்ட் வச்சு ஸ்கேல்லதான் போட்டேன். ஆனாலும் பாக்ஸ் கத்தி மாதிரி கூர்மையா நிக்குது, ஏன்?

ரொம்பப் பேர் மாட்டிக்கிற இடம் இது. ரெண்டு புள்ளியையும் ஒரே பேப்பருக்குள்ள வச்சிருப்பீங்க.

கணக்கைப் பாருங்க. A4 பேப்பரைப் படுக்க வச்சா அகலம் 29.7 செ.மீ. ரெண்டு ஓரத்துலயும் புள்ளி வச்சு, 45 டிகிரி திரும்பி நிக்குற பாக்ஸ் போடுறீங்கன்னு வைங்க. அந்தப் படம் சரியாத் தெரியணும்னா கண்ணு பேப்பர்லேருந்து அந்த இடைவெளியில பாதி தூரத்துல, அதாவது 15 செ.மீ.ல இருக்கணும். யாரு அவ்வளவு கிட்ட வச்சுப் பாக்கப் போறாங்க? நாம சாதாரணமா 40 செ.மீ. தள்ளி வச்சுத்தான் வரையுறோம், அந்தத் தூரத்துக்குப் புள்ளி ரெண்டும் நடுவுலேருந்து ஆளுக்கு 40 செ.மீ. தள்ளி, மொத்தம் 80 செ.மீ. இடைவெளியில இருக்கணும். அதாவது பேப்பரைத் தாண்டி, டேபிள் மேல எங்கயோ.

ஒரு கண்ணை மூடிட்டு பேப்பர் நடுவுக்கு நேரா 15 செ.மீ.க்குப் போய்ப் பாருங்க, ஃபோகஸ் ஆகலைன்னாலும் அந்தக் கோணல் பாக்ஸ் நிமிந்து நிக்கும். 15ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஃபிளாரன்ஸ்ல புருனெல்லெஸ்கிங்குற கட்டிடக் கலைஞர், தான் வரைஞ்ச ஞானஸ்நான மண்டபத்தோட படத்துல ஒரு ஓட்டை போட்டு, பின்பக்கமிருந்து அந்த ஓட்டை வழியா எதிர்ல புடிச்ச கண்ணாடியில படத்தைப் பாக்க வச்சாராம். கண்ணு எங்க இருக்கணும்னு அவரே முடிவு பண்ணிக் குடுத்துட்டார், நமக்கு அந்த வசதி இல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. பார்வைக்கு நடுவுல ஏறக்குறைய 60 டிகிரி கோணத்துக்குள்ள இருக்குற வரைக்கும்தான் பாக்ஸ் இயல்பாத் தெரியும், அதுக்கு வெளிய போனா இழுபடும். கண்ணு 15 செ.மீ.ல இருந்தா அந்தக் கோணம் பேப்பர்ல அடைக்குற வட்டம் வெறும் 17 செ.மீ. அகலம்தான், அதுக்கு வெளிய வரைஞ்சதெல்லாம் நீண்டுக்கிட்டுத்தான் நிக்கும். போன் கேமராவை 0.5ல வச்சுக் கிட்டப் போய் எடுத்தா ஓரத்துல இருக்குறவங்க முகம் இழுத்த மாதிரி வருதே, அதுவும் இதே சங்கதிதான்.

அப்ப புள்ளி பேப்பர்லயே இல்லாம எப்படி வரையுறது?

குத்துமதிப்பாத்தான். பயிற்சியே அந்தக் குத்துமதிப்புக்குத்தான்.

மொதல்ல ஒரு Y போடுங்க, பாக்ஸோட நமக்கு ரொம்பக் கிட்ட இருக்குற மூலை அது. அந்த Yயோட மூணு கையும் மூணு செட்டுக்கு ஆளுக்கொரு கோடு. இப்ப ஒவ்வொரு கையோட முனையிலேருந்தும் மத்த ரெண்டு செட்டுக்கும் ஒவ்வொரு கோடு வரணும், மொத்தம் ஆறு கோடு, அது ரெண்டு ரெண்டாச் சந்திச்சு மூணு மூலை உண்டாகும். அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியுற ஒம்பது விளிம்பும் வந்துடுச்சு. அந்த மூணு மூலையிலேருந்தும் பின்னாடி மறைஞ்சிருக்குற மிச்ச மூணு கோட்டையும் போட்டா 12ம் ஆச்சு.

கோட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. கோடு முடிய வேண்டிய இடத்துல புள்ளி மட்டும் வைங்க, பேனாவைக் காத்துல ஓட்டிப் பாருங்க, "இந்தக் கோடு தன்னோட செட்ல இருக்குற கோட்டை நெருங்குதா, எவ்வளவு தூரத்துல போய்ச் சேரும்"னு கேட்டுப் பாருங்க. புள்ளியை மாத்தி வைக்கிறதுக்குக் காசா பணமா. கோடு போட்டுட்டா மாத்த முடியாது.

பழகுற வரைக்கும் மனசுல வச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: நம்மள விட்டுத் தள்ளிப் போற பக்கம் கோடுகள் நெருங்கலாம், பேரலலாப் போற மாதிரி கூட இருக்கலாம், விரியவே கூடாது.

Y எந்தக் கோணத்துல வேணா போடலாமா?

கூடாது. மூணு முகம் தெரியுற பாக்ஸ்னா Yயோட மூணு கோணமும் 90 டிகிரியை விட ஜாஸ்தி இருக்கணும், 180ஐ விடக் கம்மியா இருக்கணும். 90க்குக் கீழ போனா அது செவ்வகப் பெட்டியா இருக்காது, யாரோ மிதிச்ச அட்டைப்பெட்டி மாதிரி ஆயிடும். 180 ஆயிடுச்சுன்னா ரெண்டு கையும் ஒரே நேர்கோடாப் போயிடும், அந்தப் பக்க முகமே மறைஞ்சுடும். Y போட்ட உடனே ஒரு தடவை கோணத்தைப் பாத்துக்கிட்டா பின்னாடி நிறையத் தலைவலி மிச்சம்.

வரைஞ்சது சரியான்னு எப்படி செக் பண்றது?

முக்கியமானதே இந்தக் கேள்விதான், ஆனா எல்லாரும் தாண்டிப் போறதும் இதைத்தான். செக் பண்ணாம நூறு பாக்ஸ் போட்டா அதே தப்பை நூறு தடவை பழகினதாத்தான் கணக்கு.

ஒரு பக்கம் முழுக்கப் போட்டு முடிங்க. அப்புறம் வேற கலர்ப் பேனா, ஸ்கேல் ரெண்டையும் எடுத்து, ஒவ்வொரு கோட்டையும் நம்மள விட்டுத் தள்ளிப் போற பக்கமா நீட்டுங்க. Yயோட நடு மூலையிலேருந்து கை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான், நம்ம பக்கமா நீட்டிடாதீங்க. செட்டுக்கு ஒரு கலர் வச்சா இன்னும் தெளிவு: சிவப்பு நாலு, நீலம் நாலு, பச்சை நாலு.

இப்ப ஒரு செட்டை மட்டும் பாருங்க, சிவப்பை எடுத்துக்கலாம். நாலும் ஒண்ணாச் சேந்து ஒரே இடத்தைப் பாத்துப் போகுதா? பெரும்பாலும் போகாது. ஆரம்பத்துல ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து ஆளுக்கொரு பக்கம் போகும், மேல் முகத்து ரெண்டு கோடு ஒரு இடத்துல, கீழ் முகத்து ரெண்டு கோடு வேற இடத்துல. வரையும்போது ஒரு முகத்தை மட்டும் பாத்து அதை அழகா முடிச்சுட்டு அடுத்த முகத்துக்குப் போறதால வர்றது இது. இல்லன்னா மூணு ஒழுங்காப் போகும், நாலாவது மட்டும் குறுக்க வெட்டிக்கிட்டுப் போகும், அந்த நாலாவது அனேகமா பின்னாடி மறைஞ்ச கோடாத்தான் இருக்கும். நாலும் விரிஞ்சு போகுதுன்னா புள்ளி நம்ம பக்கம் வந்துடுச்சுன்னு அர்த்தம், மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைத்தான் சரி பண்ணணும்.

நாலு கோட்டுல நடுவுல இருக்குற ரெண்டையும் தனியா கவனிங்க. அதுங்க ஒண்ணுக்கொண்ணு ரொம்பக் கிட்ட இருந்து, புள்ளியும் தூரத்துல இருந்துச்சுன்னா, பாக்ஸுக்குள்ள ஏறக்குறைய பேரலலாத்தான் தெரியணும். இந்த ரெண்டும் சட்டுனு ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிச்சுன்னா தப்பு எங்கன்னு தேடவே வேணாம்.

பாத்து முடிச்சதும் பக்கத்து ஓரத்துல ஒரே ஒரு வரி எழுதி வைங்க, "நீலம் விரியுது", "பின் கோடு செங்குத்தாப் போகுது" இப்படி. அடுத்த பக்கத்துல அதை மட்டும் திருத்தப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல திருத்த நினைச்சா எதுவும் திருந்தாது.

பின்னாடி மூலை எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. மூணு கோடும் மூணு இடத்துல முடியுது.

எல்லாருக்கும் அப்படித்தான், அது தனித் தப்பு இல்ல. மறைஞ்சிருக்குற அந்த எட்டாவது மூலைக்கு முன்னாடி போட்ட ஒம்பது கோட்டோட தப்பும் வந்து சேருது, அதான் அங்க முக்கோணமா ஒரு ஓட்டை விழுது. அதுக்காக கடைசிக் கோட்டை இழுத்து வளைச்சு மூலையில கட்டாதீங்க, செக் பண்ணும்போது நிலைமை தெரியாமப் போயிடும். ஓட்டை அப்படியே இருக்கட்டும், முன்னாடி கோடெல்லாம் சரியாக ஆக அதுவாச் சின்னதாகும். மூணுல ரெண்டு கோடு சந்திக்கிற இடத்தை மூலையா எடுத்துக்கிட்டு மூணாவதை அதுக்குக் கொண்டு போறதும் ஒரு வழி, தப்பில்ல.

"தெரியாத கோட்டை ஏன் வரையணும்"னு சிலர் கேப்பாங்க. உள்ள ஊடுருவி வரைஞ்சாத்தான் பெட்டி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு மனசுக்குப் படும், இல்லன்னா பேப்பர்ல மூணு கட்டம் ஒட்டின மாதிரிதான் இருக்கும்.

250 பாக்ஸ் போடணும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

டிரா அ பாக்ஸ் (Drawabox)னு ஒரு இலவச ஆன்லைன் கோர்ஸ் இருக்கு, அதுல வர்ற 250 பாக்ஸ் சேலஞ்சைத்தான் சொல்றாங்க. த்ரீ பாயிண்ட்ல, விதவிதமாத் திருப்பி, ஒவ்வொண்ணையும் கோடு நீட்டிச் செக் பண்ணி 250 பெட்டி. நல்ல பயிற்சிதான், ஆனா எண்ணிக்கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே ராத்திரியில 40 போட்டுத் தள்ளுறவங்களைப் பாத்தா பாவமா இருக்கும். தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் போட்ட 40ஐ விட முழிச்சுக்கிட்டுப் போட்ட அஞ்சு மேல். A4 பக்கத்துக்கு அஞ்சாறு பெட்டிக்கு மேல வேணாம், நீட்டுற கோட்டுக்கு இடம் வேணும்ல.

அதே கோர்ஸ்ல இன்னொரு விதியும் இருக்கு, அதை யாரும் ஷேர் பண்றதில்ல: வரையுற நேரத்துல பாதியைப் பயிற்சிக்கு இல்லாம சும்மா ஆசைக்கு வரையக் குடுத்துடணும். டிராகனோ பைக்கோ, என்ன வேணா. எனக்கு இந்த விதிதான் அந்த 250ஐ விடப் பெருசு.

கோடு நடுங்குதே, அதுக்கு என்ன பண்றது?

மெதுவாப் போடுறதாலதான் நடுங்குது. ஆரம்பப் புள்ளி, முடிவுப் புள்ளி ரெண்டையும் வச்சுக்கிட்டு, பேப்பரைத் தொடாம காத்துலயே ரெண்டு மூணு தடவை ஓட்டிட்டு ஒரே வீச்சுல இழுங்க. கேரம்ல ஸ்ட்ரைக்கரை வச்சு குறி பாத்துட்டு ஒரே சுண்டா சுண்டுறோம்ல, பாதி வழியில யோசிக்கிறதில்லையே, அதே மாதிரி. மணிக்கட்டை மட்டும் ஆட்டினா நீளக் கோடு வளைஞ்சுதான் வரும், தோள்லேருந்து முழுக் கையும் நகரணும். பேப்பரைத் திருப்பி வச்சுக்கிறதுல வெக்கம் வேணாம், கை எந்தத் திசையில நல்லாப் போகுதோ அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. தப்பாப் போச்சா, அதுமேலயே இன்னொரு கோடு போட்டுத் தடிமனாக்காதீங்க, விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

ஸ்கேல் வச்சுப் போடலாமா?

செக் பண்ண ஸ்கேல், வரைய வெறும் கை.

பென்சிலா பேனாவா? என்ன பேப்பர்?

பேனா. பென்சில் கையில இருந்தா கூடவே ரப்பரும் வந்துடும், அழிச்சு அழிச்சுத் திருத்தின பாக்ஸ்ல உங்க கண்ணு எங்க தப்பு பண்ணுச்சுங்குற தடயமே இருக்காது. 0.5 ஃபைன்லைனர் கிடைச்சா நல்லது, விலை கையைக் கடிக்குதுன்னா சாதா பால் பாயிண்ட் போதும், ஜெல் பேனா மட்டும் ஸ்கேல் பட்டா இழுவும், பாத்துக்கோங்க. பேப்பருக்கு பிரிண்டர்ல போடுற A4 கட்டு தாராளமாப் போதும். காஸ்ட்லி ஸ்கெட்ச்புக் வாங்கினா அதுல தப்பாப் போட மனசு வராது.

டேப்லெட்ல வரையுறவங்க லேயர்ல கோடு நீட்டிச் செக் பண்றது ரொம்ப சவுகரியம், ஆனா அன்டூ பட்டனை மறந்துடணும்.

இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல ஐசோமெட்ரிக் எல்லாம் போட்டிருக்கேனே, அது போதாதா?

மொத வருஷம் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவங்களுக்கு ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நஷ்டம். பெட்டியை உள்ள ஊடுருவிப் பாக்குற பழக்கம் அவங்களுக்கு ஏற்கனவே இருக்கும், அது லாபம். ஐசோமெட்ரிக்ல மூணு அச்சும் 120 டிகிரியில நிக்கும், பேரலல் கோடு பேரலலாவே இருக்கும், எவ்வளவு தள்ளிப் போனாலும் அளவு குறையாது, ஏன்னா அது அளந்து செய்யுறதுக்கான படம், கண்ணுக்குத் தெரியுற மாதிரிக் காட்டுறதுக்கு இல்ல. அந்தப் பழக்கத்துல கை தன்னால பேரலலாவே கோடு போட்டுடும், அது நஷ்டம். அதே பாடத்துல கடைசியில ஸ்டேஷன் பாயிண்ட் (பாக்குறவரோட கண்ணு இருக்குற இடம்) வச்சு பர்ஸ்பெக்டிவ்னு ஒண்ணு வருமே, நிறையப் பேர் சாய்ஸ்ல விட்டது, நாம இங்க குத்துமதிப்பாப் பண்றது அதைத்தான்.

வரைஞ்ச பாக்ஸ் ஒரு நேரம் மேலேருந்து பாக்குற மாதிரி, ஒரு நேரம் கீழேருந்து பாக்குற மாதிரி மாறி மாறித் தெரியுதே?

கண்ணுல கோளாறு இல்ல, பயப்படாதீங்க. உள் கோடும் வெளிக் கோடும் ஒரே தடிமன்ல இருந்தா மூளைக்கு எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாது. 1832ல நெக்கர்ங்குற சுவிஸ் விஞ்ஞானி ஸ்படிகப் படங்களைப் பாக்கும்போது கவனிச்சு எழுதினது, அவர் பேர்லயே நெக்கர் க்யூப்னு சொல்றாங்க. நமக்குப் பக்கம் நிக்குற ஒரு முகத்துல மட்டும் நெருக்கமாச் சாய்வுக் கோடு போடுங்க, வெளி விளிம்பை இன்னொரு வீச்சு போட்டு லேசா அழுத்தமாக்குங்க, அதுக்கப்புறம் குதிக்காது.

எப்ப பாக்ஸை விட்டுட்டு அடுத்ததுக்குப் போறது?

விட வேண்டியதே இல்ல, கூடவே அடுத்ததையும் ஆரம்பிக்கலாம். நீட்டின கோடுகள் முக்கால்வாசி நேரம் ஒரே பக்கமா நெருங்க ஆரம்பிச்சுடுச்சுன்னா பெட்டியை வெட்டிப் பாருங்க. ஒரு முகத்துல ரெண்டு மூலைவிட்டம் போட்டா அது வெட்டுற இடம்தான் அந்த முகத்தோட நிஜமான நடு, ஸ்கேல்ல அளந்தா வர்ற நடு இல்ல, கொஞ்சம் தள்ளி, தூரப் பக்கமா இருக்கும். அந்த நடுவை வச்சு பீரோவுக்கு ரெண்டு கதவு போடலாம், வீட்டுக்குக் கூரை முகடு ஏத்தலாம். அப்புறம் முகத்துக்குள்ள நாலு பக்கமும் தொடுற மாதிரி ஒரு நீள்வட்டம் போடுங்க, ரெண்டு எதிர் முகத்து நீள்வட்டத்தையும் சேத்தா சிலிண்டர். அங்கேருந்து குடம், கேஸ் சிலிண்டர், முன்னாடி சொன்ன பஸ்ஸோட சக்கரம்னு போய்க்கிட்டே இருக்கலாம், நீள்வட்டத்துக்குன்னு தனிப் பாடு ஒண்ணு இருக்கு, அதுக்கு இன்னும் நிறையப் பேப்பர் வேணும்.